பாதி எரிந்ததுதான் புகை

டீச்சருக்கு மஞ்சள் தீயைக் கண்டால் ஆகாது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் டீ போடுவதற்கென்று ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது. அதில் தீ கொஞ்சம் மஞ்சளாக ஆடினால் போதும், திருத்திக்கொண்டிருக்கும் பேப்பர் கட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். புடவையில் எப்போதும் உபரியாகக் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்து, அடுப்பை அணைத்து, பர்னரின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி அடைப்பு எடுப்பார். நாங்கள் காலி டம்ளரோடு காத்திருப்போம். மறுபடி பற்றவைத்துத் தீ நீலமாக நின்ற பிறகுதான் ஊக்கு புடவைக்குத் திரும்பும். அதற்குள் மணி அடித்துவிடும். டீ குடிக்காமல் வகுப்புக்குப் போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

“மஞ்சத் தீ பாதித் தீங்க சார். பாதி எரிஞ்சதுதான் பாத்திரத்துல கரியாப் பிடிக்குது. நெஞ்சுலயும் அதுதான் பிடிக்குது” என்பார்.

அவர் கெமிஸ்ட்ரி. நான் காமர்ஸ். சித்தேரி மலைக்குப் போகும் சாலையில், ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரம் தாண்டி இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். கடத்தூர் பக்கத்திலிருந்து போகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். பஸ்ஸை நம்பினால் காலைப் பிரார்த்தனையை மாலையில்தான் பார்க்கலாம். அதனால் டீச்சரின் பழைய பெட்ரோல் வேனில் சேர்ந்து போவோம். ஓட்டுவது அவரே. முகவாய் ஸ்டியரிங்கில் இடித்துவிடுமோ என்று பயப்படும்படி முன்னால் சாய்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார். முன் சீட்டு என்னுடையது. யாரும் ஒதுக்கித் தரவில்லை. முதல் நாள் உட்கார்ந்தேன், அப்புறம் அதில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

எதையும் பாதியில் விடுவது அவருக்குப் பிடிக்காது. டீச்சரை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அடுப்புத் தீ அதில் ஒரு சின்னப் பகுதி. எங்கள் பி.டி. சார் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் தன் மாமா கிணற்றில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா பாதிக் கிணற்றில் வேரைப் பிடித்துத் தொங்கும்போது மணி அடித்துவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டோம். அடுத்த வாரம் வேனில் போகும்போது டீச்சர் திடீரென்று கண்ணாடியில் பின்னால் பார்த்து, “ஏங்க சார், உங்க மாமா கெணத்துல இருந்து ஏறினாரா இல்லியா?” என்றார். பி.டி. சாருக்கே மாமா ஞாபகம் இல்லை. “ஒரு வாரமா அந்த மனுசனத் தொங்க விட்டிருக்கீங்களே” என்று டீச்சர் நிஜமாகவே கோபித்துக்கொண்டார். அன்று அந்த மாமாவைக் கரையேற்றிய பிறகுதான் வேன் பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. “அத அப்புறம் சொல்றேன்” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது. அப்புறம் என்றால் எப்போது என்று கேட்பார். ஆனால் நாம் எங்கோ விட்ட ஒரு வார்த்தையை இன்னொருவர் பத்திரமாக வைத்திருந்து, “அப்புறம்?” என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வேனில் போன காலத்தில் எனக்கு உறைக்கவில்லை. இப்போது என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வேன் விஷயத்துக்கு வருகிறேன். மலை ஏற்றத்தில் அது முக்கும், முனகும். கடத்தூரில் எங்கள் மெக்கானிக் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரே யோசனைதான் சொல்வார். “அடியில கன்வர்ட்டருன்னு ஒரு டப்பா இருக்குது பாருங்க டீச்சர், அதான் புகையப் போக விடாம அடைக்குது. அதக் கழட்டிட்டு வெறும் பைப்ப வெச்சுத் தரேன். வண்டி பறக்கும்.” அந்தப் பக்கத்தில் மலை ஏறும் பாதி வண்டிகளில் அப்படித்தான் கழற்றியிருந்தார்கள்.

“பறக்கட்டும்ங்க. பின்னாடி நடந்து வர்ற பசங்க எதை மூச்சு வாங்குவாங்க? என் வண்டிப் புகையில நடந்து வர்ற பிள்ளைங்களுக்குத்தான் நான் முதல் பீரியடு பாடம் எடுக்கணும்” என்றார் டீச்சர்.

அதில் மிகையே இல்லை. ஏற்றத்தில் எங்கள் வேனும் நடந்து வரும் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் போவோம். பைகளை முதுகில் போட்டுக்கொண்டு, எங்கள் சைலன்சருக்கு நேராக மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். அடங்காத நாலைந்து பேர் பின் கதவில் கையை வைத்துத் தள்ளவும் செய்வார்கள்.

அப்படி அந்த டப்பாவில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் வழியில் கேட்டுவிட்டேன். மலை அடிவாரம் வரும் வரைக்கும் பேச்சுக்கு அது ஆயிற்று.

“எஞ்சினுக்கு நிதானமே கிடையாது சார். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள பெட்ரோல எரிச்சு வெளிய தள்ளணும். அந்த அவசரத்துல பாதி எரிஞ்சது, எரியாதது எல்லாத்தையும் சேத்துத் துப்பிடும். பாதி எரிஞ்சதுதான் கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்குத் தெரியாது, வாசமும் இருக்காது. நேரா ரத்தத்துல போயி உக்காந்துக்கும். இந்த டப்பாவுக்குள்ள தேனடை மாதிரி பொடிப் பொடியா துளை. துளைச் சுவரெல்லாம் பிளாட்டினம், அது மாதிரி ஒன்னு ரெண்டு உலோகம் பூசியிருக்கு. புகை அத ஒரசிட்டுப் போகும்போது, பாதி எரிஞ்சது மீதியும் எரிஞ்சு முடிஞ்சிடுது. எரியாத பெட்ரோலு தண்ணியும் கார்பன் டை ஆக்சைடுமா மாறிடுது. எஞ்சின் சூட்டுல நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரக்கூடாதபடி சேந்திருக்கும், அதையும் பிரிச்சு விட்டுடும்.”

“கல்யாணமும் பண்ணி வெக்குது, விவாகரத்தும் வாங்கிக் குடுக்குதுன்னு சொல்லுங்க” என்றேன்.

டீச்சர் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு முறை நடுரோட்டுக்குப் போய்த் திரும்பியது. பின்னாலிருந்த பி.டி. சார், “அப்ப புகையே வராதுங்களா?” என்று கேட்டார். “வரும்ங்க. விஷம் கொறைஞ்சு வரும். அவ்வளவுதான்” என்றார். பொய்யாக உயர்த்திச் சொல்லவும் மாட்டார்.

“இவ்வளவும் பண்ற பிளாட்டினத்துக்கு என்னங்க டீச்சர் லாபம்?”

“ஒன்னும் இல்ல சார். சேத்து வெக்கும், பிரிச்சு வெக்கும், தான் மட்டும் அப்படியே இருக்கும்.”

சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேல் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டார். அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, தம்பியைப் படிக்க வைத்து, தங்கைக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டுத் தனியாக எங்கள் மாவட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர். சொந்த ஊர் கடலோரம். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டப்பா குளிர்ந்திருந்தால் வேலை செய்யாதாம். நன்றாகச் சூடேறிய பிறகுதான் புகையைச் சுத்தம் செய்யத் தொடங்குமாம். சூடேற நேரமாகும் சாமான்களில் நானும் ஒருவன். எனக்கு வரன் அமையாமல் இழுத்துக்கொண்டு போன காலம் அது. எங்கள் வீட்டில் பங்காளி, மாமன், மச்சான் என்று ஒரு பெரிய காடே உண்டு. டீச்சர் வேறு சாதி, வேறு வேதம். அந்தக் காட்டைத் தாண்டி வர எனக்குக் கொஞ்ச காலம் வேண்டியிருந்தது. வந்துகொண்டுதான் இருந்தேன்.

தை, மாசியில் எங்கள் பக்கம் கொள்ளு அறுவடை. காய்ந்த கொள்ளுச் செடியைக் கொடியோடு தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரும். அடிக்கிற கூலி மிச்சம். போலீஸ் வந்து சத்தம் போடும். போட்டுவிட்டு ஜீப்பை அந்தக் கொள்ளின் மேல் ஏற்றித்தான் திரும்பிப் போகும். வண்டிக்காரர்களும் ஒன்றும் சொல்வதில்லை. நம் வீட்டுக் கொள்ளும் நாளைக்கு ரோட்டுக்கு வரத்தானே வேண்டும்.

இதில் டீச்சருக்கு மட்டும் ஒரு பயம் இருந்தது. வேன் தாழ்வானது. கொடி அடியில் சுற்றிக்கொள்ளும். கன்வர்ட்டர் அடுப்பை விடச் சூடாக இருக்கும். அதனால் கொள்ளு பரப்பிய இடத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டுவார். ஒரு சாக்கை விரித்து, ரோட்டில் மல்லாந்து படுத்து, முனை வளைத்த கம்பியால் சுற்றியிருக்கிற கொடியை இழுத்து இழுத்து எடுப்பார். நான் அவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசிக் கொடி வரும் வரை எழ மாட்டார். வழியில் போகிற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிராக்டிகல் பரீட்சை அன்று எங்களுக்கு நேரமாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் லேபில் காத்திருப்பதாக போன் மேல் போன். முதல் கொள்ளுப் பரப்பைத் தாண்டி வண்டியை நிறுத்திக் கம்பியோடு படுத்த டீச்சர் பாதியில் எழுந்துவிட்டார். “மீதிய ஸ்கூல்ல போயி எடுத்துக்கறேன்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

ஏற்றத்தில் அடுத்த பரப்பு வந்தது. அதன் நடுவில் போகும்போது கருகல் வாசம். டீச்சர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். வண்டி நின்ற இடமும் காய்ந்த கொள்ளின் மேலேயே. “எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!” என்று கத்தினார். நாங்கள் குதித்தோம். அடியில் முதலில் புகை, அப்புறம் ஒரு நாக்கு மாதிரித் தீ. மஞ்சள் தீ. நாங்கள் மண்ணை வாரி வீசுவதற்குள் அது சீட்டு வரை ஏறிவிட்டது.

அந்தக் கொள்ளுக்கு உரிய அக்கா காட்டிலிருந்து ஓடி வந்தார். உயரமான பெண். கணவர் இல்லை, தனியாகப் பாடுபடுகிறவர். அவருடைய அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அந்த ரோட்டில்தான் கிடந்தது. எரிகிற வேனைப் பார்ப்பதா, கொள்ளைப் பார்ப்பதா என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். டீச்சர் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறுங்கையால் கொடியை வாரி ரோட்டோரம் எறியத் தொடங்கினார். நாங்களும் இறங்கினோம். முக்கால்வாசியைக் காப்பாற்றிவிட்டோம். வேன் எலும்புக்கூடாக நின்றது.

முகமெல்லாம் கரியோடு, வந்த ஒரு பைக்கில் ஏறிப் போய்ப் பிராக்டிகல் நடத்தினார் டீச்சர். கடைசிப் பையன் கடைசிக் குழாயைக் கழுவி வைத்து வெளியே போன பிறகுதான் லேப் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். தட்டவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, “நான் அன்னிக்கே சொன்னேன். கழட்டியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?” என்றார்.

“அதும்மேல தப்பில்லீங்க. சூடா இருந்தாத்தான் அது வேல செய்யும். நான்தான் பாதியில எழுந்தேன்” என்றார் டீச்சர்.

தீ விபத்துக்குப் பிறகு ஒரு வண்டிக்காரனும் கொள்ளின் மேல் வண்டியை ஏற்றவில்லை. பரப்பைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். அந்த அக்காவின் மிச்சக் கொள்ளு அடிக்க ஆளில்லாமல் ரோட்டோரப் பாறை மேல் கிடந்தது. “சனிக்கெழம வர்றேங்க்கா” என்று டீச்சர் சொல்லிவிட்டார். பி.டி. சாருக்கு அன்று சொந்தத்தில் ஒரு காதுகுத்து. இன்னொருவருக்கு இடுப்பு வலி. நானும் டீச்சரும் பஸ்ஸில் போனோம்.

பாறையில் குவித்த கொடியைத் தடியால் அடித்தோம். சாக்பீஸ் பிடித்த கைகள். மதியத்துக்குள் இரண்டு பேருக்கும் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அக்கா களி கிண்டிக் கொண்டுவந்தார். நான் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தேன். டீச்சருக்குக் களியை எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை. “மெல்லாதீங்க டீச்சர், வழுக்கி விடுங்க” என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அடித்து முடித்துவிட்டோம். இனித் தூற்ற வேண்டும். தூற்றக் காற்று வேண்டும். ஒரு இலை அசையவில்லை. மூன்று பேரும் முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா தண்ணீர் எடுக்கக் கொஞ்சம் தள்ளிப் போனார். டீச்சர் ஒரு கொள்ளு மணியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். கண்புருவத்தில் கொள்ளுத் தூசு. அப்படியே என் பக்கம் திரும்பி, “சார், உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா...” என்றார்.

“காத்து வந்திருச்சு, காத்து வந்திருச்சு!” என்று அக்கா குடத்தோடு கத்திக்கொண்டே ஓடி வந்தார். மேற்கேயிருந்து அப்படி ஒரு காற்று. காற்று வந்தால் வேறு எந்தப் பேச்சும் கிடையாது. எழுந்து முறத்தைத் தூக்கினோம். நான் ஒரு மூலையில் கொட்டிக் கொடுக்க, அக்காவும் டீச்சரும் அந்தப் பக்கம் நின்று தூற்றினார்கள். சருகும் பொட்டும் பறந்தன, மணி காலடியில் விழுந்தது. வெளிச்சம் இருக்கும் வரை தூற்றினோம். கடைசி முறம் முடிந்ததும் கடைசி பஸ் வந்துவிட்டது. விழுந்தடித்து ஓடி ஏறினோம். பஸ்ஸில் உட்கார இடமில்லை. அவர் முன்னால், நான் பின்னால்.

அடுத்த வாரமே டீச்சருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. எப்போதோ சொந்த மாவட்டத்துக்குக் கேட்டு வைத்திருந்ததாம். எரிந்த வேனிலிருந்து கழற்றிய கன்வர்ட்டரை வெட்டி, உள்ளேயிருந்த தேனடையைக் கழுவி லேப் அலமாரியில் வைத்தார். பரிசோதனை நோட்டுகளை எல்லாம் திருத்தி முடித்தார். டீ அடுப்பின் துளைகளைக் கடைசியாக ஒரு முறை குத்தினார். அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் நன்றாகச் சூடேறியிருந்தது.

“டீச்சர், அன்னிக்குப் பாறையில என்னமோ கேக்க வந்தீங்களே” என்றேன்.

“மறந்துடுச்சு சார்” என்றார்.

பி.டி. சாருடைய மாமாவை ஒரு வாரம் மறக்காதவர். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “வண்டி வாங்கினா அந்த டப்பாவக் கழட்டிடாதீங்க” என்று கத்தினார். அவரை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

மறு வருஷம் அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. நானும் ஏரியூர் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போனில் அவருடைய வாழ்த்து வரும். நானும் அனுப்புவேன். அவர் என்ன கேட்க வந்தார் என்பது மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கூடவே வரும். ஒருவேளை என்னிடம் ஏதோ உதவி கேட்க வந்திருக்கலாம். தம்பிக்கு வேலை விஷயமாக இருக்கலாம். அப்படித்தான் மனசைத் தட்டி வைத்திருந்தேன்.

இந்த மாசியில், பழைய மாணவன் ஒருவனின் வீட்டுக் கல்யாணத்துக்காக மறுபடி அந்த மலை ரோட்டில் போனேன். இப்போது என்னிடமும் ஒரு பழைய வேன் இருக்கிறது. டப்பாவைக் கழற்றவில்லை. அதே இடத்தில் ரோட்டில் கொள்ளு. மெதுவாக ஏற்றித் தாண்டி, தள்ளி நிறுத்தி, சாக்கை விரித்துக் கம்பியோடு படுத்தேன். பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

“அந்த டீச்சரம்மா மாதிரியே பண்றீங்களே சார்” என்றது குரல். அதே அக்கா. தலை முழுக்க நரைத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன்.

“டீச்சரம்மா நல்லா இருக்குதுங்களா? உங்க ரெண்டு பேருக்கும் எத்தன பிள்ளைங்க?”

“டீச்சர் அவங்க ஊர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கக்கா. நான் ஏரியூர்ல இருக்கேன்.”

அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். “ஏங்க சார், அப்ப டீச்சரம்மா உங்ககிட்ட கேக்கவே இல்லீங்களா?”

“எதை?”

“அன்னிக்குத் தூத்துனமே, மொறத்தோட எம்பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்டுச்சுங்க. ‘ஏங்க்கா, ஒரு பொம்பள தானாப் போயி, என்னக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டா அவரு தப்பா நெனச்சுக்குவாரா’ன்னு. நாந்தான் சொன்னேன். தப்பென்ன சாமி, தாராளமாக் கேளு. ஆனா தூத்தறதப் பாதியில விட்டுட்டுப் போவாத. காத்து நிக்கட்டும், நின்னதும் போயிக் கேளுன்னேன்.”

அக்கா மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அன்னிக்குப் பொழுது எறங்கற வரைக்கும் காத்து நிக்கவே இல்லீங்களே சார்.”

அடியில் இன்னும் கொஞ்சம் கொடி சுற்றியிருந்தது. மறுபடி சாக்கில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். கண் சரியாகத் தெரியாததால் கடைசிக் கொடி வர வெகு நேரமாயிற்று.